டீசல் வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

"மாமா, ரயில் மோதினா என்ஜின் டேங்க் குண்டு மாதிரி வெடிச்சிடும் இல்ல?" என்று மருமகன் கேட்டார். தீபாவளிக்கு வந்துவிட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். என் வீட்டுக்காரி என்னை முறைத்தாள். புறப்படும்போது இதெல்லாம் பேசக் கூடாதாம். ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோவில் அவருக்குப் பதில் சொன்னேன். அதில் விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

டீசல் லோகோ ஷெட் ஒன்றில் 33 வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். காலனியில் சங்கு ஊதினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு விபத்து நிவாரண ரயிலில் ஏறிப் போக வேண்டும். அந்த வேலையில் படித்துக் கற்றதைவிட மூக்கால் கற்றது அதிகம். இதிலும் மூக்கைப் பற்றித்தான் நிறைய வரும்.

டேங்க் கிழியும்

டீசல் என்ஜினைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னால் மூன்று சக்கரம், பின்னால் மூன்று சக்கரம், நடுவில் வயிறு மாதிரி தொங்குவதுதான் டேங்க். பழைய டபிள்யூ.டி.எம்-2 வகையில் 5,000 லிட்டர் பிடிக்கும். சரக்கு வண்டி இழுக்கிற டபிள்யூ.டி.ஜி-4 வகையில் 6,000 லிட்டர். தண்டவாளத்துக்கும் அந்த வயிற்றுக்கும் இடையில் இருப்பது கொஞ்ச இடம்தான். வண்டி தடம் புரண்டு ஜல்லியில் இழுபட்டால் முதலில் உரசுவதும் அதுதான். உடைந்த தண்டவாளத் துண்டோ கழன்ற பிரேக் கம்பியோ எகிறி வந்தால் குத்துவதும் அங்கேதான்.

சினிமாவில் வருகிற மாதிரி டேங்க் 'டமார்' என்று வெடிக்காது. கிழியும். கிழிந்த டேங்கிலிருந்து டீசல் சும்மா ஒழுகினால் அவ்வளவு பயமில்லை. ஒரு வாளி டீசலில் எரிகிற தீக்குச்சியைப் போட்டால் குச்சி அணைந்துபோவதை எங்கள் ஷெட்டில் பழைய ஆட்கள் வேடிக்கையாகச் செய்து காட்டுவார்கள். நீங்கள் செய்து பார்க்காதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பயப்பட வேண்டியது டீசல் பீய்ச்சி அடிக்கும்போது. வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற வேகத்தில் டேங்க் கிழிந்தால் டீசல் அப்படித்தான் பொடிப்பொடித் துளியாகக் காற்றில் கலக்கும். என்ஜினுக்குள் டீசலைப் பொடித்துளியாகத் தெளிக்கிற இன்ஜெக்டர் செய்யும் வேலையை விபத்து வெளியில் செய்துவிடுகிறது. பக்கத்திலேயே டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் நானூறு டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். டீசல் பற்றிக்கொள்ள இருநூற்றைம்பது டிகிரி போதும், தீப்பொறிகூட வேண்டாம்.

1999 அக்டோபர் 5 அன்று லண்டனில் லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இதுதான் நடந்தது. சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த டீசல் பயணிகள் ரயிலும் எதிரே வந்த விரைவு ரயிலும் நேருக்கு நேர் மோதின. இரண்டின் வேகத்தையும் கூட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். சிதறிய டீசல் தீக்கோளமாகி, விரைவு ரயிலின் ஒரு பெட்டியை முழுக்க எரித்தது. 31 பேர் போனார்கள். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1996 பிப்ரவரி 16 அன்று, அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் ஒரு மோதல். என்ஜின் டேங்க் கிழிந்து, டீசல் எதிர் வண்டியின் முதல் பெட்டிக்குள்ளேயே பீய்ச்சியது. இறந்த 11 பேரில் பெரும்பாலோர் இறந்தது தீயாலும் புகையாலும்தான்.

அமெரிக்காவில் பயணிகள் ரயில் என்ஜினின் டேங்குக்கு இப்போது ஒரு விதி இருக்கிறது. சுற்றுத்தகடு குறைந்தது 8 மில்லிமீட்டர் எஃகுக்கு ஈடாக இருக்க வேண்டும். முன், பின் முனைத் தகட்டின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு 19 மில்லிமீட்டர். ஏன் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்? உடைந்த தண்டவாளம் வந்து குத்துகிற உயரம் அது. இதை யார் எழுதியிருந்தாலும் நேரில் ஒரு டேங்கைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது.

முதல் தீக்கோளத்துக்கு நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை, அது ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தரையில் கிடக்கிற டீசல், அதில் நனைந்த துணி, உள்ளே பரவுகிற புகை, இவற்றில்தான் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது. இனி சொல்வதெல்லாம் அந்த நேரத்துக்கு.

நம் ஊர் வெயிலைக் கணக்கில் சேருங்கள்

தீக்குச்சி விஷயம். டீசலில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்புகிற வெப்பநிலை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் விற்கிற டீசலுக்கு அது 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தரத்தில் குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். மார்கழி விடியலில் டீசல் சோம்பேறிதான். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ஒரு மணிக்கு யார்டில் ஜல்லியைக் கையால் தொட்டவர்களுக்குத் தெரியும், அது 35 எங்கே, 55ஐயே தாண்டி இருக்கும். அதன்மேல் கொட்டிய டீசலைச் சோம்பேறி என்று நம்பினால் நீங்கள் வெளிநாட்டுப் புத்தகத்தை நம்புகிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, துணி. குட்டையாகத் தேங்கிய டீசல் பற்றாத வெப்பத்திலும் டீசலில் நனைந்த வேட்டி பற்றும். விளக்குத் திரி எப்படி எரிகிறது? அப்படித்தான்.

ஏறும்போதே பார்த்துவையுங்கள்

தமிழ்நாட்டில் பெரும்பாலான பாதைகளில் இப்போது மின்சார என்ஜின். அதனால் டீசல் இல்லை என்று நினைக்க வேண்டாம். சிவப்பு, நீல நிற எல்.எச்.பி பெட்டிகள் கொண்ட ரயிலில் முனையில் ஒரு ஜெனரேட்டர் பெட்டி இருக்கும். ஏ.சி.க்கும் விளக்குக்கும் மின்சாரம் இப்போது மேல்கம்பியிலிருந்து என்ஜின் வழியாக வந்தாலும், அவசரத்துக்கென்று டீசலோடு ஒரு பெட்டியை மாட்டியே அனுப்புகிறார்கள். எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று பிளாட்பாரத்தில் நடக்கும்போதே பாருங்கள். டெமு (டீசலில் ஓடும் குறுந்தூரப் பயணிகள் ரயில்) என்றால் இன்னும் நெருக்கம்: முனைப் பெட்டியில் என்ஜினும் டேங்கும் இருக்கும், பயணிகளும் இருப்பார்கள். திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் டெமுவில் போனவர்களுக்கு அந்த அதிர்வு நினைவிருக்கும்.

உங்கள் பெட்டிக்குள் போனதும் சிவப்புக் கம்பி போட்ட அவசர ஜன்னல் எங்கே என்று தேடுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து அங்கே போக எத்தனை தடுப்பைக் கடக்க வேண்டும் என்று எண்ணுங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் எண்ணும். ஏ.சி. பெட்டி என்றால் கண்ணாடி உடைக்கிற சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் சுத்தியலை யாராவது ஞாபகார்த்தமாகக் கொண்டுபோயிருப்பார்கள். இல்லையென்றால் 139க்குப் புகார் சொல்லுங்கள். அவசர ஜன்னலுக்கு எதிரே சூட்கேஸை அடுக்காதீர்கள். சில்வர் ஸ்பிரிங் விசாரணையிலும், வெளியேறும் வழி கைக்கு எட்டாமல் போகிற இதே சங்கதிதான் வெளியே வந்தது: கதவைத் திறக்கும் அவசரக் கைப்பிடி கதவருகே இல்லாமல் மூடிய பெட்டிக்குள் இருந்தது.

கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு கொண்டுபோவதைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில், நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் 9 பேர் இறந்தார்கள். அங்கே வண்டி மோதவே இல்லை. ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் இதற்கு மூன்று வருடம்வரை சிறை உண்டு.

மூன்று வாடை

ஓடுகிற ரயிலில் ஏதோ கருகுகிற வாடை வந்தால் உடனே குதிக்க நினைக்காதீர்கள். இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். இரும்புத்தூளும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி காரமாக, சக்கரத்துப் பக்கமிருந்து வந்தால் அது பிரேக் கட்டை. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு தேய்கிறது. புகையும் சில நேரம் பொறியும் வரும். டி.டி.ஆரிடமோ கார்டிடமோ சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக், ரெக்சின், வயர் கருகுகிற வாடை என்றால் தீ பெட்டிக்குள் இருக்கிறது, இது அவசரம். பெட்ரோல் பங்க் மாதிரியான வழவழப்பான எண்ணெய் வாடை டீசல். அது மோதலுக்குப் பிறகு வந்தால் கால்களுக்கு வேலை வந்துவிட்டது.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் நடந்ததைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிராவில் ஜல்கான் பக்கம் புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீ என்று ஒரு வதந்தி. யாரோ சங்கிலியை இழுத்தார்கள், வண்டி நின்றது, பயந்தவர்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கினார்கள். அந்தத் தண்டவாளத்தில் கர்நாடகா எக்ஸ்பிரஸ் வந்தது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ரயில் எரியவே இல்லை. இரட்டைப் பாதையில் எந்தக் காரணத்துக்காக இறங்கினாலும், பக்கத்துத் தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்குங்கள். அந்தப் பக்கம் தீயோ பள்ளமோ இருந்து வேறு வழியே இல்லையென்றால், கதவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, இறங்கியதும் நிற்காமல் தாண்டிப் போங்கள்.

மோதிய பிறகு, உள்ளே

விளக்கு அணைந்திருக்கும். செல்போன் டார்ச்சை எடுங்கள். தீக்குச்சியையோ லைட்டரையோ எடுக்கவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் கவிழ்ந்த பெட்டியில் செருப்பைத் தேட லைட்டரைக் கொளுத்திய மனிதரைப் பார்த்திருக்கிறேன்.

புகை மேலே போகும், அதனால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து போங்கள். பெட்டி நிமிர்ந்து நின்றால் தீ இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அடுத்த பெட்டிக்குப் போய், இடையில் உள்ள கதவைச் சாத்துங்கள். ஒரு கதவு சாத்தினால் சில நிமிடங்கள் கிடைக்கும். போக முடியவில்லையென்றால் அவசர ஜன்னல். கண்ணாடியை நடுவில் அடித்தால் சுத்தியல் திரும்பி வரும், மூலையில் அடியுங்கள். ஜன்னலிலிருந்து தரை நினைப்பதைவிடக் கீழே இருக்கும், கீழே கூர்மையான ஜல்லி. தொங்கி, பிறகு விடுங்கள். மூட்டை முடிச்சு வேண்டாம். பாதையில் நிற்கிற ஒரு டிராலி பேக் பின்னால் இருபது பேரை நிறுத்திவைக்கும்.

தீயணைப்புக் கருவி இருந்து, தீ ஒரு சாக்குப் பையளவுதான் இருந்தால் ஊசியை இழுத்து அடிப்பாகத்தில் அடியுங்கள். அதைவிடப் பெரிது என்றால் விட்டுவிடுங்கள்.

வெளியே: காற்று, சரிவு, கம்பி

இறங்கியதும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒருவேளை ஐந்து நொடி ஆகும்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? புகையோ மரக்கிளையோ சொல்லும், எதுவும் இல்லையென்றால் வாடை சொல்லும். காற்று வருகிற பக்கமாக நடங்கள். நடக்க நடக்க டீசல் வாடை குறைந்தால் சரியான திசை, கூடினால் திரும்புங்கள்.

தரை எந்தப் பக்கம் சரிகிறது? ரயில் பாதை பெரும்பாலும் மேட்டில் இருக்கும். கொட்டிய டீசல் சரிவில் இறங்கி, பக்கத்து வாய்க்காலில் சேரும். எல்லோரும் இயல்பாக இறங்கி நிற்கிற இடமும் அந்த வாய்க்கால்தான். அங்கே நிற்காதீர்கள். அடிபட்டவரைப் படுக்க வைப்பதும் அங்கே வேண்டாம்.

மேலே கம்பி அறுந்திருக்கிறதா? அது 25,000 வோல்ட். செத்துப்போனது போலத் தொங்கும், சப்-ஸ்டேஷனில் சோதித்துப் பார்க்க மறுபடி மின்சாரம் கொடுத்தால் உயிர் வரும். கம்பியோ, கம்பி தொட்டுக்கொண்டிருக்கிற பெட்டியோ எதுவானாலும் குறைந்தது 2 மீட்டர் தள்ளியே இருங்கள். தரையில் விழுந்த கம்பியிலிருந்து இன்னும் நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். ரயில்வே ஆள் வந்து எர்த் போட்டுவிட்டோம் என்று சொல்கிறவரை அதற்கு உயிர் இருக்கிறது.

தள்ளிப் போய் நின்றபிறகு போன் செய்யுங்கள்: 139, அல்லது 112. "ரயில் கவிழ்ந்துவிட்டது, சீக்கிரம் வாங்க" என்றால் எங்கே வருவது? மின்கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 128/16 என்பது போல எண் எழுதியிருக்கும். முதல் எண் கிலோமீட்டர், அடுத்தது அந்தக் கிலோமீட்டருக்குள் அந்தக் கம்பத்தின் எண். அதைச் சொன்னால் கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு நீங்கள் நிற்கிற இடம் நூறு மீட்டருக்குள் தெரிந்துவிடும். கூடவே இரண்டு வார்த்தை: டீசல் ஒழுகுகிறதா, என்ஜின் இன்னும் ஓடுகிற சத்தம் கேட்கிறதா. சத்தம் கேட்டால் கார்டிடமோ லோகோ பைலட்டிடமோ அதையே சொல்லுங்கள். புதிய வகை டீசல் என்ஜின்களில் டேங்கில் டீசல் ஊற்றும் வாய் பக்கத்திலேயே, இரண்டு புறமும், எரிபொருளை நிறுத்துகிற அவசரப் பொத்தான் உண்டு. அழுத்துவது அவர்கள் வேலை. நீங்கள் கிட்டே போக வேண்டாம்.

டேங்கர் ரயிலும் குடங்களும்

இது பயணிகளுக்கு அல்ல, தண்டவாளம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. 2025 ஜூலை 13 விடியற்காலை திருவள்ளூர் பக்கம் டீசல் ஏற்றிப் போன சரக்கு ரயில் தடம் புரண்டு 18 வேகன்கள் எரிந்தன. கரும்புகை பல கிலோமீட்டருக்குத் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கனடாவில் லாக்-மெகான்டிக் என்ற சிற்றூரில் 2013 ஜூலை 6 அன்று கச்சா எண்ணெய் ரயில் ஊர் நடுவில் கவிழ்ந்தபோது 47 பேர் இறந்தார்கள். அது சரிவில் தானாக உருண்டு வந்த ரயில், ஓட்ட ஆளே இல்லை.

தீப்பிடிக்காமல் டேங்கர் வெறுமனே கவிழ்ந்து ஒழுகுகிறது என்று வையுங்கள். அரை மணியில் குடம், கேன், பெயின்ட் டப்பாவோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு இரவில் ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும், இடுப்புவரை டீசலில் நனைந்த லுங்கியோடு இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு போனான். பின்னால் வந்தவர் வாயில் பீடி. என்னுடன் வந்த கலாசி (ஷெட் உதவியாள்) அந்தப் பீடியைப் பிடுங்கிக் காலில் தேய்த்தார். வந்த வசவை இங்கே எழுத முடியாது. கலெக்ட் செய்த டீசலை ஏற்றிப் போக டிராக்டரைக் கிட்டே கொண்டுவந்தார்கள். ஆவி கூடிய இடத்தில் ஓடுகிற டிராக்டர் காற்றோடு அந்த ஆவியையும் குடிக்கும், சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் அலறும். போகாதீர்கள். பிள்ளைகளைப் பிடித்து வையுங்கள்.

வேகனில் எழுதியிருப்பதைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் நல்லது. பி.டி.பி.என் என்று எழுதியிருந்தால் பெட்ரோல், டீசல் போன்ற திரவம். பி.டி.பி.ஜி.எல்.என் என்றிருந்தால் சமையல் கேஸ். திரவ டேங்கர் எரிந்தால் 800 மீட்டரும், கேஸ் டேங்கர் எரிந்தால் 1,600 மீட்டரும் தள்ளிப் போகச் சொல்கிறது வட அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் அவசரக் கையேடு. கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்ப் படுக்கும். கிணறு, வாய்க்கால் பக்கம் போக வேண்டாம்.

எரிகிற டீசல்மேல் தண்ணீரை வாளியால் ஊற்றாதீர்கள். டீசல் தண்ணீரில் மிதக்கும், தீ தண்ணீரோடு சேர்ந்து உங்கள் தெருவுக்குள் வரும். மண் போடுங்கள், இல்லையென்றால் நுரையோடு வரும் வண்டிக்குக் காத்திருங்கள்.

"எல்லாம் ஒழுகி முடிந்தது, இனிக் காலி டேங்கர்தான்" என்று பழைய இரும்புக்காக கட்டிங் டார்ச்சோடு வருகிறவர்களும் உண்டு. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் நான் பயப்படுவேன், அதற்குள் முழுக்க ஆவி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுவியாயிற்று என்று ஒருவர் சொன்ன சொல்லை நம்பி இன்னொருவர் டேங்க் அடியில் ஒரு கிளாம்பை வெட்டப் போனார். 'டப்' என்று ஒரு சத்தம். மூடி பறந்து கூரையில் பள்ளம் விழுந்தது. அவர் மூடிக்கு நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் நீராவி விட்டுக் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே டார்ச் பக்கம் போனோம்.

மேலே டீசல் பட்டால்

நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். வெட்கம் பார்க்கிற நேரமில்லை, யாரிடமாவது துண்டு இருக்கும். தோலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். வாயில் போய் விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. திரும்பி வரும்போது டீசல் நுரையீரலுக்குள் போனால் அதுதான் ஆளைக் கொல்லும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், என்ன விழுங்கினார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழற்றிய துணியை வீட்டுக்கு எடுத்துவந்து வாஷிங் மெஷினில் போடாதீர்கள். காரிலோ ஆட்டோவிலோ ஏற்றாதீர்கள். அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் எட்டாத தூரத்தில், வெட்டவெளியில் கொடியில் தனியாகப் போடுங்கள். இரண்டு நாள் கழித்து முகர்ந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னும் இரண்டு நாள்.